விதை காப்பது: திருவிழா மேசையில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் நடக்கும் விதைத் திருவிழாக்களில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு மேசை போட்டு உட்காருகிறேன். மேசையில் முப்பது சொச்சம் மண்கலயங்கள், கலயத்துக்கு ஒரு பழைய ரக விதை. விதை வாங்க வருகிறவர்களைவிடச் சந்தேகம் கேட்க வருகிறவர்கள்தான் அதிகம். மனித குலம் இன்னும் பத்தாயிரம் வருடம் சாப்பிடுமா என்பது வரை கேட்டிருக்கிறார்கள். கூட்டத்தில் நின்றுகொண்டு அவசரமாகச் சொல்லும் பதில் எனக்கே திருப்தியாக இருப்பதில்லை. அதனால் அவரவர் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டு, நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

விதை வங்கின்னா என்னக்கா? பணம் போடற பேங்க் மாதிரியா?

ஏறக்குறைய அப்படித்தான். பேங்கில் நீங்கள் கட்டிய அதே நோட்டு உங்களுக்குத் திரும்ப வராது, வேறு நோட்டுதான் வரும். எங்களிடம் இரண்டு கிலோ விதைநெல் வாங்கிப் போனால் அறுவடை முடிந்ததும் நாலு கிலோ கொண்டுவந்து தர வேண்டும். அந்த நாலு கிலோ அந்த வருடத்து வயலில் விளைந்த புது விதை. வாங்கிப் போனவர் விதைக்கவில்லை என்றால் வங்கியும் இல்லை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்கள் இதில்தான் வந்து நிற்கும்.

பெரிய அளவில் செய்யும் நிறுவனங்களும் உண்டு. டெல்லி பூசா வளாகத்தில் உள்ள தேசிய மரபணு வங்கியில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் குளிரறையில் இருக்கின்றன. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் நெல் மட்டுமே 1,30,000 மாதிரிகளுக்கு மேல்.

கடையில பாக்கெட் விதை கிடைக்குதே, பழசை எதுக்குக் கட்டிக் காக்கணும்?

ஒரு நாடு முழுக்க ஒரே ரகத்தை நட்டால் என்ன ஆகும் என்று அயர்லாந்து காட்டிவிட்டது. அங்கே ஏழைகளின் சாப்பாடு ஏறக்குறைய ஒரே ரக உருளைக்கிழங்கை நம்பியிருந்தது. 1845இல் கருகல் நோய் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவுக்கு மக்கள் கப்பலேறிப் போனார்கள். ஆட்சியாளர்களின் அலட்சியமும் அதில் சேர்ந்தது என்பது உண்மை. ஆனால் ஒரே இரவில் வயல் வயலாகக் கறுத்துப்போனதற்குக் காரணம் எல்லாச் செடியும் ஒரே செடியாக இருந்ததுதான். 1970இல் அமெரிக்காவில் மக்காச்சோளத்துக்கும் இதே கதை நடந்தது. ஒரே தாய்வழியில் வந்த வீரிய விதையைப் போட்டிருந்தார்கள். நாட்டு விளைச்சலில் 15 சதவீதம் போல இலைக்கருகலுக்குப் போயிற்று.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 1970 வாக்கில் ஆசியாவின் புதுக் குட்டை நெல் ரகங்களைப் புல்தழைக் குட்டை என்ற வைரஸ் நோய் பிடித்தது. புகையான் பூச்சிதான் அதைப் பரப்பியது. நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் 6,000க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தார்கள். எதிர்த்து நின்றது ஒன்றே ஒன்று: உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல். அந்த மாதிரியிலும் சில செடிகள்தான் தாங்கின. அதை ஒட்டுச் சேர்த்து வந்த ஐ.ஆர்.36 என்ற ரகம் 1980களில் கோடிக்கணக்கான ஏக்கரில் நின்றது. யாருமே சீந்தாத ஒரு குளத்தங்கரைப் புல்லை யாரோ ஒருவர் கவரில் போட்டுப் பெயரெழுதி வைத்ததால் வந்த சோறு அது. எந்தப் புல் எந்த வருடம் தேவைப்படும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. அதனால்தான் எல்லாவற்றையும் வைக்க வேண்டியிருக்கிறது.

நார்வேயில பனிமலைக்குள்ள உலகத்து விதையெல்லாம் பூட்டி வெச்சிருக்காங்களாமே, நிஜமா?

நிஜம். வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்டு என்ற தீவுக்கூட்டம். அங்கே லாங்கியர்பியன் ஊருக்கு அருகில் மலையைக் குடைந்து, நூறு மீட்டருக்கு மேல் உள்ளே அறைகள் கட்டி, 2008 பிப்ரவரி 26 அன்று திறந்தார்கள். கடல் மட்டத்துக்கு 130 மீட்டர் மேலே இருக்கிறது. அறைக்குள் மைனஸ் 18 டிகிரி. மின்சாரம் நின்றாலும் மலையே உறைநிலையில் இருப்பதால் சட்டென்று சூடேறாது. 45 லட்சம் மாதிரிகள் வைக்க இடம் உண்டு. 13 லட்சத்துக்கு மேல் இப்போது இருக்கின்றன. ஐதராபாத் அருகே பட்டன்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பயிர் ஆராய்ச்சி நிறுவனம் அனுப்பிய சோளமும் கம்பும் கொண்டைக்கடலையும் அதில் சேர்த்தி.

யார் வைத்தார்களோ அவர்களுக்கே அந்தப் பெட்டி சொந்தம். நார்வே அரசுகூட அதைப் பிரிக்காது. நம்மைப் போன்றவர் கேட்டால் விதை தர மாட்டார்கள். அது பெரிய விதை வங்கிகளுக்கான நகல் இருப்பு, அவ்வளவே.

உலகம் அழிஞ்சா யார் போய் அந்தக் கதவைத் திறக்கப் போறா?

உலகம் அழியும் நாளுக்காக அதை வைக்கவில்லை. சாதாரண நாட்களில் நடக்கும் சாதாரண இழப்புகளுக்காக வைத்திருக்கிறார்கள். பிலிப்பைன்ஸின் தேசிய விதை வங்கியை 2006இல் புயல் வெள்ளம் மூழ்கடித்தது, 2012இல் தீப்பிடித்தது. ஈராக்கில் அபு கிரைப் ஊரில் இருந்த விதை வங்கி 2003 போரில் போயிற்று.

ஆனால் ஈராக்கின் விதைகளில் ஒரு பகுதியை முன்னதாகவே சிரியாவில் அலெப்போ அருகே இருந்த இகார்டா என்ற வறண்ட நில ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பியிருந்தார்கள். பிறகு அலெப்போவையும் போர் பிடித்தது. நல்லவேளையாக அந்த மையம் தன் இருப்பில் பெரும்பகுதியை நகலெடுத்து ஸ்வால்பார்டுக்கு அனுப்பிவிட்டிருந்தது. 2015இல் முதன்முறையாக அந்த மலைக் கதவு விதையை வெளியே எடுப்பதற்காகத் திறந்தது. சுமார் 38,000 மாதிரிகள் லெபனானுக்கும் மொராக்கோவுக்கும் போயின. கோதுமை, பார்லி, பருப்பு வகைகளை அங்கே விதைத்து, பெருக்கி, 2017இலிருந்து மறுபடி மலைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். முதல் பதிலில் சொன்ன இரண்டு கிலோ, நாலு கிலோ கணக்குதான் இதுவும்.

அங்கதான் பத்திரமா இருக்கே, அப்புறம் உங்க கலயம் எதுக்கு?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல். எங்கள் வீட்டு ஓடு பறந்து, குதிரில் தண்ணீர் இறங்கியது. விடிந்து பார்த்தால் மூன்று வருடமாகப் பெருக்கி வைத்திருந்த குடவாழை நெல் மொத்தமும் ஊறிக் கிடக்கிறது. இரண்டு நாளில் குதிருக்குள்ளேயே முளைவிட்டு நாறிவிட்டது. எனக்கு அந்த விதையைக் கொடுத்த பெரியவர் வீட்டிலும் அதே கதி. நான் அழுதுகொண்டிருந்தபோது தலைஞாயிறுப் பக்கத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். மூன்று வருடம் முன்பு என் மேசையிலிருந்து வாங்கிப் போனவர். "அக்கா, உங்க குடவாழை எங்க பரண்ல ரெண்டு மூட்டை இருக்கு" என்றார்.

என் மாமியார் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பட்டை அவரையும் அந்தப் புயலில் போயிற்று. அதை நான் யாருக்கும் கொடுத்து வைத்திருக்கவில்லை. ஒரு கைப்பிடி விதைகூடத் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த அவரை ஸ்வால்பார்டிலும் இல்லை, டெல்லியிலும் இல்லை. யாரும் வந்து கேட்காத விதை எந்தக் குளிரறைக்குப் போகும்?

ஒரு விதை எத்தனை வருஷம் உயிரோட இருக்கும்?

விதைக்கு எதிரி இரண்டு: ஈரம், சூடு. ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சூடு ஐந்து டிகிரி குறைந்தாலும் அப்படியே. குறிப்பிட்ட எல்லைக்குள் பெரும்பாலான தானிய விதைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். நம் டெல்டாக் காற்றில் வெறும் சாக்கில் வைத்த நெல் ஒரு வருடம் நன்றாக முளைக்கும், அடுத்த வருடம் சரியும். அதே நெல்லை நன்றாக உலர்த்திக் காற்றுப் புகாமல் மூடி மைனஸ் 18இல் வைத்தால் பல பத்தாண்டுகள் தாங்கும். வெங்காய விதை மகா சோம்பேறி, ஒரு வருடம் தாண்டினால் நம்பாதீர்கள்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் வில்லியம் பீல் என்ற பேராசிரியர் 1879இல் இருபது பாட்டில்களில் விதையும் மணலும் கலந்து புதைத்து வைத்தார். முதலில் ஐந்து வருடத்துக்கு ஒன்று, பிறகு பத்து வருடத்துக்கு ஒன்று, இப்போது இருபது வருடத்துக்கு ஒன்று என்று பாட்டிலைத் தோண்டி விதைத்துப் பார்க்கிறார்கள். 2021இல் எடுத்த பாட்டிலிலும் ஒரு களைச்செடி முளைத்தது. கடைசி பாட்டில் 2100இல். தொடங்கியவர் போய் நூறு வருடம் ஆகிறது. இடத்தைக் காட்டும் வரைபடம் மட்டும் கைமாறிக்கொண்டே வருகிறது. எனக்கு இந்தச் சோதனையில் முளைத்த விதையைவிட அந்த வரைபடத்தின் மேல்தான் ஆச்சரியம்.

பிரமிடுல கிடைச்ச கோதுமை முளைச்சுதாமே? அப்ப நம்ம சிவகளை நெல்லும் முளைக்குமா?

பிரமிடுக் கோதுமை கட்டுக்கதை. பழைய கல்லறைக் கோதுமையைச் சோதித்தபோதெல்லாம் கரு செத்துத்தான் இருந்தது. சிவகளை முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள். பழனி அருகே பொருந்தலிலும் ஈமக்குழியில் ஒரு ஜாடிக்குள் நெல் கிடைத்திருக்கிறது. நம் மண்ணில் நெல் எவ்வளவு பழையது என்பதற்கு அவை பெருமையான சாட்சி. முளைக்க மட்டும் முளைக்காது.

விதிவிலக்கு உண்டு. இஸ்ரேலில் மசாடா கோட்டையில் கிடைத்த சுமார் 2,000 ஆண்டுப் பழைய பேரீச்சங்கொட்டை ஒன்றை 2005இல் ஊன்றினார்கள். முளைத்து மரமாகிவிட்டது. பாலைவன வறட்சியும் கெட்டி ஓடும் சேர்ந்து செய்த அதிசயம் அது. அதை நம்பி நெல்லைப் பெட்டியில் போட்டு மறந்துவிடாதீர்கள்.

கோபுரக் கலசத்துல வரகு வெச்சாங்களே, அதுதானே உலகத்தோட முதல் விதை வங்கி?

வாட்ஸ்அப்பில் இது வராத வாரம் இல்லை. கலசத்தில் வரகும் நெல்லும் மற்ற தானியங்களும் நிரப்புவது வழக்கம்தான், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கின்போது மாற்றுவதும் வழக்கம்தான். ஆனால் சித்திரை வெயிலில் செப்புக் கலசம் கொதிக்கும் கொதிப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மேலே சொன்ன சூட்டுக் கணக்குப்படி அங்கே விதை நெடுநாள் தாங்க வழியில்லை. வரகு இடியை இறக்கிவிடும் என்பதும் சரியல்ல.

அப்படிச் சொன்னால் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். எனக்கும் அந்தக் கலசத்தின் மேல் மரியாதை உண்டு. பழையதை எடுத்துவிட்டுப் புதுத் தானியம் போட வேண்டும் என்று காலக்கெடு வைத்திருக்கிறார்கள், பாருங்கள், அந்தப் புத்தி பெரியது.

வீட்டுல விதையை எப்படிங்க வெக்கறது?

நெல்லாக இருந்தால் வயலின் நடுவில், நோயில்லாத, ஒரே சீராகப் பூத்த இடத்தைக் கதிர் முற்றும் முன்பே அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். உயரமாகவோ முன்னதாகவோ பூத்து நிற்கும் கலவனைப் பிடுங்கிவிட வேண்டும். அறுத்துத் தனியாகக் கையால் அடித்து, இரண்டு மூன்று நாள் காலை வெயிலில் காயவைத்து நிழலுக்கு மாற்றுங்கள். ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடியுங்கள். கட்டென்று இரண்டாக உடைந்தால் சரி. நசுங்கினால் இன்னும் ஒரு நாள். காய்ந்த நொச்சி இலை, வேப்பிலை போட்டு வாய் கட்டிவிடலாம்.

காய்கறி விதைக்குக் கண்ணாடிப் பாட்டில் போதும். அடியில் சூடாக வறுத்து ஆறிய அரிசி ஒரு பிடி போட்டு, மேலே துணியில் முடிந்த விதையை வைத்து மூடுங்கள். அரிசி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ரகத்தின் பெயரும் தேதியும் எழுதிய சீட்டை வெளியே ஒட்டினால் போதாது, உள்ளேயும் ஒன்று போடுங்கள். விதைக்கும் முன்பு நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி ஒரு வாரம் வையுங்கள். நெல்லில் எண்பதாவது முளைக்க வேண்டும்.

பூசணி விதை எடுத்து வெச்சேன், அடுத்த வருஷம் சம்பந்தமே இல்லாம காய்க்குது. ஏன்?

தேனீ பக்கத்து வீட்டுப் பூவிலிருந்து மகரந்தம் கொண்டுவந்திருக்கும். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே சூல்கொள்ளும், பூசணி அப்படியில்லை. மறுநாள் விரியப்போகும் மொட்டு மஞ்சள் கட்டியிருக்கும். மாலையில் அப்படிப்பட்ட ஆண் மொட்டு இரண்டு, பிஞ்சோடு இருக்கும் பெண் மொட்டு ஒன்று பார்த்து, நுனியை நூலால் கட்டிவிடுங்கள். விடிந்ததும் ஆண் பூவைப் பறித்து இதழை உரித்து, உள்ளே இருக்கும் தண்டைப் பெண் பூவுக்குள் நன்றாகத் தடவுங்கள். மறுபடி பெண் பூவைக் கட்டி, காம்பில் ஒரு துணியைச் சுற்றி அடையாளம் வைத்துவிட்டால் அந்தக் காய் விதைக்கு.

ஹைபிரிட் விதை மலடுன்னு சொல்றாங்களே?

மலடு இல்லை, முளைக்கும். ஆனால் இரண்டு வேறு பெற்றோரின் கலப்பு என்பதால் அடுத்த தலைமுறையில் குணம் சிதறிவிடும். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்றில் காயே இல்லை. முளைக்கவே முளைக்காத விதையை உண்டாக்கும் நுட்பத்துக்கு 1998இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள். உலகம் முழுக்க எதிர்ப்பு எழுந்ததால் அது சந்தைக்கு வரவில்லை.

நம்ம விதையை நாமளே எடுத்து வெச்சா கேஸ் போடுவாங்களா?

பயப்படாதீர்கள். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், பிரிவு 39. விளைந்த விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. காப்பு பெற்ற ரகத்தை, இது இன்ன காப்பு பெற்ற ரகம் என்று அச்சிட்ட பையில் போட்டு விற்கக்கூடாது, அது ஒன்றுதான் தடை.

மா, பலா, தென்னை, வாழைக்கும் இப்படி வெக்கலாமா?

முடியாது. மாங்கொட்டை, பலாக்கொட்டை, தேங்காய் இவற்றை உலர்த்தினால் செத்துவிடும். நாம் சாப்பிடும் வாழைக்குப் பெரும்பாலும் விதையே இல்லை. இவற்றை மரமாகவும் கன்றாகவும் நிலத்தில் வளர்த்துத்தான் காக்க வேண்டும். திருச்சி வாழை ஆராய்ச்சி மையத்தில் ரகங்களைத் தோட்டமாகவே வைத்திருக்கிறார்கள். கர்நாடகத்தில் கிடு என்ற இடத்தில் தெற்காசியாவின் தென்னை ரகங்கள் தோப்பாக நிற்கின்றன. பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்தில் 1,500க்கு மேற்பட்ட வாழைகளைச் சோதனைக் குழாய்க்குள் குட்டிச் செடிகளாக வைத்துக் காக்கிறார்கள். உங்கள் தாத்தா வைத்த ஒட்டில்லாத மாமரத்தை வெட்டும் முன் ஒரு குச்சியை ஒட்டுக்கட்டிவிடுங்கள்.

பழைய ரகத்தைப் போட்டா நாட்டுக்கே சோறு போட முடியுமா?

முடியாது, அப்படி நான் சொல்வதும் இல்லை. காட்டுயானம் என்ற நெல் ஆளுயரம் தாண்டி வளரும், வெள்ளத்தில் நிற்கும், ஆனால் ஏக்கருக்கு வரும் மூட்டை குறைவு. உரமும் குட்டை ரகமும் இல்லாமல் இன்றைய மக்கள்தொகைக்குச் சோறில்லை. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது: ஐந்து ஏக்கரில் பத்து சென்ட் பழைய ரகத்துக்கு விடுங்கள். ஐ.ஆர்.36 கதையை மேலே சொன்னேனே, புது ரகத்துக்கு உயிர் கொடுத்தது அந்தப் பத்து சென்ட் மாதிரியான ஓர் ஓரம்தான்.

விதை கையில இருந்தா போதும்ல?

ஒரு தம்பி, மென்பொருள் வேலையை விட்டுவிட்டு வந்தவர், மாப்பிள்ளைச் சம்பாவை வாங்கிப் போய்த் தை மாதம் விதைத்தார். பயிர் பச்சைப்பசேலென்று வளர்ந்தது, வளர்ந்துகொண்டே இருந்தது. சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று, கதிர் இல்லை. கடைசியில் மாட்டுக்கு அறுத்துப் போட்டார். சம்பா ரகங்கள் பகல் பொழுது குறுகினால்தான் பூக்கும். அதனால்தான் அவற்றுக்கு ஒரு பட்டம், அதாவது விதைக்கும் பருவம். அவர் பையில் விதை இருந்தது, பட்டம் இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு கலயத்தோடும் ஒரு தாள் கொடுக்கிறேன்: எந்த மாதம், எந்த மண், எத்தனை நாள், எப்படிச் சமைப்பது.

பெரிய எரிமலை வெடிச்சு சூரியனே தெரியலைன்னா உங்க விதை என்ன செய்யும்?

அந்த வருடம் ஒன்றும் செய்யாது. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. 1816இல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் கிழக்கிலும் கோடையே வரவில்லை, பயிர் பொய்த்தது. அப்படி ஒரு வருடத்தைக் கடக்கக் களஞ்சியத்தில் தானியமும் ஊருக்கு ஊர் பகிரும் மனமும் வேண்டும். விதை அதற்கு அடுத்த வருடத்துக்கு. பசியில் விதைநெல்லைக் குத்தித் தின்றுவிட்டால் அந்த அடுத்த வருடம் இல்லை. அடியாருக்குச் சோறிட விதைத்த நெல்லை மழையிரவில் வயலிலிருந்து அரித்தெடுத்து வந்த இளையான்குடி மாறநாயனார் கதை நம்மை உலுக்குவதற்குக் காரணமும் அதுதான். உழவன் கொடுக்கக்கூடிய கடைசிப் பொருள் அது.

இரண்டாம் உலகப் போரில், 1941 முதல் 1944 வரை ரஷ்யாவின் லெனின்கிராடு நகரம் 872 நாள் முற்றுகையில் கிடந்தது. நிகோலாய் வவிலோவ் என்ற தாவர விஞ்ஞானி உலகெங்கும் சுற்றிச் சேர்த்த விதைகள் அந்த நகரத்து நிறுவனத்தில் இருந்தன. அரிசி, கோதுமை, பருப்பு மூட்டைகளுக்கு நடுவே காவலிருந்தவர்கள் அதில் கை வைக்காமல் பட்டினியால் செத்தார்கள். அரிசி மாதிரிகளைப் பார்த்துக்கொண்ட திமித்ரி இவானோவும் அவர்களில் ஒருவர். வவிலோவ் அதே காலத்தில் ஸ்டாலின் அரசின் சிறையில் கிடந்து 1943இல் இறந்தார். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அப்ப பத்தாயிரம் வருஷம் தாங்குமா, தாங்காதா?

ஸ்வால்பார்டு மலையை நம்பி நான் "தாங்கும்" என்று சொல்ல மாட்டேன். 2016 அக்டோபரில் வழக்கத்துக்கு மாறான சூட்டிலும் மழையிலும் அந்தச் சுரங்க வாயிலுக்குள்ளேயே தண்ணீர் புகுந்து உறைந்தது. விதைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் வாயிலைத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. திறந்து பத்து வருடம்கூட ஆகாத நேரம் அது.

இன்னொரு பக்கம், மனிதர்கள் விதைத்து அறுக்கத் தொடங்கி ஏறக்குறைய பத்தாயிரம் வருடம் ஆகிவிட்டது. தலைமுறைக்கு இருபத்தைந்து வருடம் என்று வைத்தால் நானூறு தலைமுறை. என் கலயத்தில் இருக்கும் ஒரு நெல்மணிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான அறுவடைகள் வரிசையாக நிற்கின்றன. நடுவில் ஒரே ஒரு இடத்தில் சங்கிலி அறுந்திருந்தால் இந்த மணி இல்லை. பஞ்சம், படையெடுப்பு, புயல் எல்லாவற்றுக்கும் நடுவில் யாரோ ஒருவர் பரணில் ஒரு முடிச்சு வைத்திருந்திருக்கிறார். அதைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கை வருகிறது. குளிரறையும் வேண்டும், வயலும் வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொன்றை விட்டால் இரண்டும் போகும்.

உங்களுக்கு அப்புறம் இதை யார்க்கா பார்த்துக்குவாங்க?

போன வருடம் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் கேட்டாள். மாமியாரின் பட்டை அவரை போனதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எந்த ரகமானாலும் மூன்று ஊரில், மூன்று வீட்டில் இருக்க வேண்டும். கலயத்து மூடியின் உள்பக்கம் மூன்று பெயரும் கடைசியாக விதைத்த வருடமும் சாக்பீஸால் எழுதியிருக்கும். அவளுக்கு மூடிகளைத் திறந்து காட்டினேன். பதினோரு மூடியில் ஒரு பெயர்தான் இருந்தது, அது என் பெயர். குழியடிச்சான் கலயத்தில் மூன்று பெயர் இருந்தும் இருவர் இரண்டு வருடமாக விதைக்கவில்லை. அவர்களைப் பார்க்க இந்த ஆடிக்குள் வேதாரண்யம் போக வேண்டும். பூங்கார் மூடியில் அந்தப் பெண் தன் பெயரை எழுதிவிட்டு, அரைப்படி வாங்கிக்கொண்டு போனாள்.